மூன்றாம் நகலை எங்கள் கையிலிருந்து பறித்துவிடாதீர்கள்

கார்களை லாரியில் ஏற்றிச் செல்லும் கார் கேரியர் நிறுவனங்களின் உரிமையாளர்களுக்கும், ஏற்றும் யார்டிலும் இறக்கும் யார்டிலும் சரக்குச் சீட்டில் கையெழுத்துப் போடும் பொறுப்பாளர்களுக்கும், அந்தச் சீட்டுக்கான செயலிகளை எழுதித் தருபவர்களுக்கும் வணக்கம்.

14 வருடம் கார் கேரியர் ஓட்டினேன். முதுகு இடம் கொடுக்காமல் போனபிறகு ஆபீசுக்கு வந்து, 7 வருடமாக டேமேஜ் கிளெய்ம் பைல்களைப் பார்க்கிறேன். சீட்டில் கையெழுத்து வாங்க யார்டு யார்டாக அலைந்தவன் நான். அதே சீட்டைப் பார்த்து, இன்னொரு டிரைவரின் சம்பளத்தில் பிடிக்கலாமா கூடாதா என்று குறிப்பு எழுத வேண்டியவனும் இப்போது நான்தான். இரண்டு பக்கமும் நின்று பார்த்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

காகிதச் சீட்டை விட்டு, போன் செயலியில் எழுதும் மின்சீட்டுக்கு மாறுவதென்று உங்களில் பலர் முடிவெடுத்துவிட்டீர்கள். சிலர் மாறியும்விட்டீர்கள். மாறத்தான் வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. ஆனால் மாறுகிற அவசரத்தில் ஒன்று கைநழுவிப் போய்க்கொண்டிருக்கிறது. அது டிரைவரின் நகல்.

முதலில் காகிதம் எனக்கு என்ன செய்தது என்று சொல்லிவிடுகிறேன். ஒரு மழை இரவு. எட்டு வண்டி லோடு. ஐந்தாவது வண்டியின் பின்கதவில், கைப்பிடிக்குக் கீழே, கட்டைவிரல் அகலத்துக்கு ஓர் ஒடுக்கு. டார்ச் அடித்துப் பார்த்தேன். யார்டு ஆளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரும் குனிந்து பார்த்துவிட்டு, "ஆமாண்ணே, எழுதிக்கோங்க" என்றார். சீட்டில் அச்சடித்திருந்த கார் படத்தில் அந்த இடத்தைச் சுற்றி வட்டம் போட்டேன். மூன்று அடுக்கு கார்பன் சீட்டு அது. மேல்தாள் ஏற்றிய யார்டுக்கு, நடுத்தாள் வண்டியோடு போய் இறக்கும் இடத்துக்கு, அடித்தாள் எனக்கு. ஈரத்தில் ஊறிய அட்டையின் மேல் வைத்து எழுதியதால் பேனாவின் அழுத்தம் கீழே இறங்கவில்லை. நடுத்தாளில் அந்த வட்டம் ஒரு நிழல் மாதிரி விழுந்திருந்தது. என் தாளில் விழவே இல்லை.

இறக்கிய இடத்தில் மறுநாள் காலை ஒடுக்கைப் பார்த்துவிட்டு, வழியில் ஆன சேதம் என்று எழுதிவிட்டார்கள். ஏற்றிய யார்டில் மேல்தாளைக் கேட்டோம். தேடினோம், கிடைக்கவில்லை என்று பதில் வந்தது. மூன்று மாதம் என் சம்பளத்தில் பிடித்தம். வட்டம் போட்ட கை என்னுடையது; போட்டது எனக்குத் தெரியும். காட்டுவதற்கு என்னிடம் தாளும் இருந்தது. அந்தத் தாளில்தான் எதுவும் இல்லை.

ஆகவே காகிதம் போகிறதே என்ற வருத்தம் எனக்கு இல்லை.

நம்முடைய சீட்டு மற்றச் சரக்குகளின் சீட்டு மாதிரி இல்லை என்பதை, குறிப்பாகச் செயலி எழுதுபவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பெட்டிகளை ஏற்றினால் எண்ணிக்கை சரியாக இருந்தால் பெரும்பாலும் போதும். காரை எண்ணுவது ஒரு நிமிட வேலை. அதன் நிலையைச் சொல்வதுதான் பாடு. பம்பரின் அடிப்பகுதி, சக்கரத்தின் விளிம்பு, கண்ணாடியில் கல் தெறித்த புள்ளி, கூரையில் பறவை எச்சம் தின்ற பெயின்ட் என்று ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு முழு உடல் பரிசோதனை நடக்கிறது. அது ஏற்றும்போது ஒரு தடவை, இறக்கும்போது ஒரு தடவை. எட்டு வண்டி என்றால் பதினாறு பரிசோதனை. நம் தொழிலில் சீட்டு என்பது, ஒரு காரின் பக்கத்தில் நின்ற இரண்டு பேர் அந்த நிமிடத்தில் எதை ஒப்புக்கொண்டார்கள் என்பதன் பதிவு. காகிதமோ போனோ, அந்த நிமிடத்தை ஒழுங்காகப் பிடித்து வைக்கவில்லையென்றால் மற்ற வசதி எதுவும் பயன் தராது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. நாடுவிட்டு நாடு சாலையில் போகும் சரக்குக்காக 1956-இல் ஜெனீவாவில் கையெழுத்தான சி.எம்.ஆர். ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சரக்கை வாங்கும்போது அதன் வெளித்தோற்றத்தை ஏற்றிச் செல்பவர் பார்க்க வேண்டும். குறை இருந்தால் காரணத்தோடு சீட்டில் எழுத வேண்டும். எழுதாவிட்டால், மாற்றி நிரூபிக்கப்படும்வரை, பார்வைக்கு நல்ல நிலையில்தான் வாங்கினார் என்று கொள்ளப்படும். என் பின்கதவு ஒடுக்குக்கு நடந்ததும் இதுதான். சீட்டு தொலைந்துபோனாலும் போக்குவரத்து ஒப்பந்தம் செல்லும் என்றும் அதே சி.எம்.ஆர். சொல்கிறது. ஒப்பந்தம் செல்லலாம், சாட்சிக்கு எங்கே போவது?

மூன்று மூலப் பிரதிகள் போட வேண்டும் என்பதும் அந்த 1956 ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஒன்று அனுப்புபவருக்கு, ஒன்று சரக்கோடு போவதற்கு, மூன்றாவது ஏற்றிச் செல்பவருக்கு. சட்டத்தின் கண்ணில் ஏற்றிச் செல்பவர் என்றால் நிறுவனம். சாலையில் அது டிரைவர். அந்த மூன்றாவது தாள் இத்தனை காலமும் டிரைவரின் சட்டைப்பையிலும் கேபின் மேல்தட்டிலும் வீட்டுப் பெட்டியிலும் கிடந்தது. அது டிரைவருக்கு உரியது என்று யாரும் தனியாக எழுதி வைக்கவில்லை. தாள் என்பதால் தானாகவே அவர் கையில் தங்கியது. மின்சீட்டில் எதுவும் தானாகத் தங்காது. யாராவது முடிவு செய்து கொடுத்தால்தான் உண்டு.

இப்போது ஆபீஸ் பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு டிரைவர் வேலையை விட்டுவிட்டு வேறு இடத்துக்குப் போனார். அன்றே அவருடைய லாகின் மூடப்பட்டது. எல்லா நிறுவனத்திலும் நடப்பதுதான், பாதுகாப்புக்கு அது தேவையும்கூட. சில வாரம் கழித்து அவர் கடைசியாக இறக்கிய லோடில் ஒரு கிளெய்ம் வந்தது. வரவேண்டிய கடைசிச் சம்பளத்தை நிறுத்தி வைத்தார்கள். அவர் போன் செய்து, "ஏத்தும்போதே முன்கண்ணாடியில கீறல் இருந்துச்சுங்க, போட்டோ எடுத்து ஏத்தினேன், பாருங்க" என்றார். போட்டோ இருந்தது, நிறுவனத்தின் சர்வரில். அவரிடம் எதுவும் இல்லை. செயலிக்குள் எடுக்கும் போட்டோ போனின் கேலரியில் சேராதபடி அமைத்திருந்தார்கள். பார்ப்பதற்கு உள்ளே ஓர் ஆள் இருந்ததால் அன்றைக்குப் பார்த்துச் சொல்ல முடிந்தது, பணமும் விடுபட்டது. பார்க்க மனமில்லாத ஆள் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் அவர் என்ன செய்திருப்பார்? காகிதக் காலத்தில், மழையில் நனையாத ஒரு நாளில், அவரிடம் ஒரு தாளாவது இருந்திருக்கும்.

இன்னொன்று இதைவிட மோசம். கையெழுத்து ஆனபிறகு சீட்டில் கை வைப்பது. எழுத்துப்பிழையைத் திருத்துகிறோம் என்று ஆரம்பிக்கும். பிறகு சேதக் குறிப்பில் ஒரு சொல்லை மென்மையாக்குவார்கள், அல்லது இல்லாத இடத்தில் ஒரு குறிப்பைச் சேர்ப்பார்கள். பழைய சீட்டில் இதைச் செய்ய வேண்டுமென்றால் மூன்று இடத்தில் இருக்கும் மூன்று தாளையும் பிடித்து மாற்ற வேண்டும். மின்சீட்டைச் சரியாக அமைக்காவிட்டால் ஒரே இடத்தில், ஒரே பொத்தானில் முடிந்துவிடும். சி.எம்.ஆர். ஒப்பந்தத்துக்கு மின்சீட்டை அனுமதித்து 2008-இல் ஒரு கூடுதல் நெறிமுறை வந்தது; 2011-இல் நடைமுறைக்கு வந்தது. அதிலேயே இதற்கு விடை இருக்கிறது. சீட்டில் ஏதாவது சேர்த்தாலோ திருத்தினாலோ, அது திருத்தம் என்று கண்டுபிடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும், முதலில் எழுதியிருந்ததும் அப்படியே காப்பாற்றப்பட வேண்டும். இதைச் செய்வது தொழில்நுட்பத்தில் கடினமில்லை. கையெழுத்தானதும் சீட்டின் உள்ளடக்கம் முழுவதிலிருந்தும் ஒரு கணித முத்திரையை எடுத்து வைத்துவிட்டால் போதும். பிறகு ஒரு புள்ளி மாறினாலும் முத்திரை பொருந்தாது. அந்த முத்திரையோடு கூடிய நகல் டிரைவர் கையிலும் இருந்தால், சர்வரில் யார் என்ன மாற்றினாலும் மறைக்க முடியாது. டிரைவரின் நகல் அவரை மட்டும் காப்பாற்றவில்லை. உங்கள் சீட்டின் நம்பகத்தன்மையையும் அதுதான் காக்கிறது. நீதிமன்றத்திலோ காப்பீட்டுக்காரரிடமோ போய், எங்கள் பதிவு மாற்றப்படவில்லை என்று நீங்கள் சொல்லும்போது, உங்களிடம் சம்பளம் வாங்கும் சர்வரைத் தவிர இன்னொரு சாட்சியும் இருக்கும்.

அந்த 2008 நெறிமுறை பேசுவது ஒப்பந்தத்தின் தரப்புகளைப் பற்றி. நிறுவனத்தில் வேலை பார்க்கும் டிரைவர் தரப்பு அல்ல. ஆகவே சட்டம் வந்து எங்கள் நகலைக் கொடுக்கும் என்று காத்திருக்க முடியாது. நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

சட்டத்தைப் பற்றி ஆரம்பித்ததால், மாறாமல் இருப்பவர்களிடமும் ஒரு வார்த்தை. மின்னாவணம் செல்லாது என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். மின்வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஆவணத்தை ஒதுக்கக் கூடாது என்ற கொள்கையை ஐ.நா.வின் வணிகச் சட்ட ஆணையம் 1996-இலேயே மாதிரிச் சட்டமாக எழுதிக் கொடுத்துவிட்டது. அமெரிக்கா 2000-இல் மின்கையொப்பத்துக்குச் சட்டம் போட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் கையொப்பங்களைத் தரம் பிரித்து விதி செய்தது. 2020-இல் போட்ட இன்னொரு விதியின்படி, அங்கீகாரம் பெற்ற தளங்களின் வழியாக வரும் சரக்குத் தகவலை 2027 ஜூலை முதல் அதன் உறுப்பு நாட்டு அதிகாரிகள் ஏற்றே ஆக வேண்டும். விமானச் சரக்கில், வசதியுள்ள தடங்களில், 2019 ஜனவரி 1 முதல் மின்சீட்டுதான் இயல்பான ஆவணம்.

கடல்காரர்களுக்கு உண்மையிலேயே கஷ்டம் இருந்தது. கப்பல் சரக்கில் போடும் சீட்டு, கையில் வைத்திருப்பவருக்குச் சரக்கின் மேல் உரிமை கொடுக்கும் பத்திரம். அதை வங்கியில் அடகு வைக்கலாம், கைமாற்றலாம். ஒரு மின்கோப்பை யார் கையில் வைத்திருக்கிறார் என்று எப்படிச் சொல்வது? அதற்காகவே 2017-இல் தனியாக ஒரு மாதிரிச் சட்டம் தேவைப்பட்டது. பிரிட்டன் 2023-இல்தான் அதற்கான சட்டம் கொண்டு வந்தது. நம் சாலைச் சீட்டு பொதுவாக அப்படிக் கைமாறும் பத்திரம் இல்லை. அது பெற்றுக்கொண்டதற்கான ரசீது, ஒப்பந்தத்தின் சான்று, நிலைக் குறிப்பு. மாறுவதற்கு நமக்குத்தான் எளிது. ஒரே ஒரு கவனம் வேண்டும்: எல்லை தாண்டும் தடமென்றால், வழியிலுள்ள நாடுகள் 2008 நெறிமுறையில் சேர்ந்திருக்கின்றனவா என்று தடம் தடமாகப் பாருங்கள். சேராத நாடு குறுக்கே வந்தால் அந்தத் தடத்தில் காகிதமும் கூட வரட்டும்.

இனி வேலையைப் பற்றிப் பேசுவோம்.

சேசிஸ் நம்பரில் 17 எழுத்தும் எண்ணும் கலந்து வரும். ஆங்கிலத்தின் ஐ, ஓ, கியூ ஆகிய மூன்று எழுத்தும் அதில் வராது. 1, 0 என்று தவறாகப் படித்துவிடக்கூடாது என்பதற்காக விட்டுவிட்டார்கள். அவ்வளவு யோசித்து வைத்த எண்ணை, இருட்டில், முழங்காலில் அட்டையை வைத்து எழுதும்போது 5 எஸ் ஆகிவிடும், 8 பி ஆகிவிடும், 2 இசட் ஆகிவிடும். என் மேசைக்கு வரும் காகித பைல்களில் வண்டி எண்ணே தவறாக இருக்கும் சீட்டு புதிதல்ல. சேதம் இருக்கிறது, சீட்டும் இருக்கிறது, ஆனால் சீட்டிலுள்ள எண்ணில் அப்படி ஒரு வண்டியே உலகத்தில் இல்லை. வட அமெரிக்க வண்டிகளில் ஒன்பதாவது இடத்தில் வருவது சரிபார்ப்பு இலக்கம். மற்ற இலக்கங்களையெல்லாம் ஒரு கணக்கில் பெருக்கிக் கூட்டி 11-ஆல் வகுத்தால் வரும் மீதி அது. மீதி 10 என்றால் எக்ஸ் என்று போடுவார்கள். போன் கேமரா பார்கோடைப் படிக்கும், படிக்க முடியாமல் கையால் அடித்தாலும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து, தவறு இருந்தால் அந்த இடத்திலேயே தடுத்துவிடும். மின்சீட்டு தரும் லாபங்களில் இதை நான் மிக மேலே வைப்பேன்.

சேதத்தை எழுதுவதற்கும் அப்படி ஒரு பொதுமொழி இருக்கிறது. வட அமெரிக்க வாகனத் தொழிலில் ஐந்து இலக்கக் குறியீடு புழக்கத்தில் உண்டு. முதல் இரண்டு இலக்கம் வண்டியின் எந்த இடம், அடுத்த இரண்டு என்ன வகைச் சேதம், கடைசி ஒன்று எவ்வளவு பெரியது. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்லி டிரைவரை வதைக்காதீர்கள். கார் படத்தில் இடத்தைத் தொட்டு, கீறலா ஒடுக்கா உடைவா என்று தேர்ந்து, அளவைச் சொன்னால் குறியீட்டைச் செயலியே போட்டுக்கொள்ளட்டும். டிரைவர் படிக்கும் மொழியில் அது இருக்கட்டும். தனக்குப் புரியாத மொழியிலுள்ள கட்டத்தில் டிக் போடச் சொல்லிவிட்டு, பிறகு நீதானே டிக் போட்டாய் என்று கேட்பதை நான் பார்த்திருக்கிறேன்.

போட்டோ எடுப்பதில் ஆபீஸ்காரர்களுக்கு ஒரு பெரிய நம்பிக்கை இருக்கிறது: போட்டோ இருந்தால் தகராறே இல்லை. போட்டோவும் மறைக்கும். மழைத்தண்ணீர் நிற்கும் போனட்டில் மயிரிழைக் கீறல் தெரியாது. தூசி படிந்த வண்டியிலும் அப்படியே. கறுப்பு வண்டியில் விளக்கின் பிரதிபலிப்பு ஒடுக்கு மாதிரித் தெரியும். உண்மையான ஒடுக்கு அதற்குள் ஒளிந்துகொள்ளும். இப்படிப்பட்ட நேரத்தில், வண்டி நனைந்திருந்தது அல்லது அழுக்காக இருந்தது, முழுதாகப் பார்க்க முடியவில்லை என்று காரணத்தோடு எழுத ஒரு கட்டம் வேண்டும். மேலே சொன்ன சட்டத்தில் காரணத்தோடு எழுதச் சொன்னது இதற்குத்தான். பல செயலிகளில் சேதம் உண்டு, இல்லை என்ற இரண்டு பொத்தான்தான் இருக்கிறது. பார்க்க முடியவில்லை என்பதற்குப் பொத்தானே இல்லை. இந்த மூன்றாவது பொத்தானை வைத்தாலே எங்கள் மேசைக்கு வரும் வழக்குகளில் பல வராது என்று நினைக்கிறேன்.

மேல்தட்டுக்கு ஏற்றிய வண்டியைச் சுற்றி வர முடியாது. ஆகவே படம் எடுப்பது தரையில் நிற்கும்போதே, சாவியைத் திருகுவதற்கு முன்பே நடக்க வேண்டும். நான்கு மூலையிலிருந்தும் நான்கு படம், கூரை, சேசிஸ் நம்பர் தகடு, ஓடிய கிலோமீட்டர் காட்டும் மீட்டர், எத்தனை சாவி. பிறகு சேதம் உள்ள இடத்தைத் தள்ளி நின்று ஒன்று, நெருங்கி ஒன்று. நெருக்கப் படம் மட்டும் இருந்தால் அது எந்த வண்டியின் எந்தக் கதவு என்று யாருக்குத் தெரியும்? எட்டு வண்டிக்கும் இதைச் செய்ய நேரம் பிடிக்கும். அந்த நேரத்தை லோடிங் நேரத்தில் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். போட்டோவும் வேண்டும், பழைய நேரத்துக்குள் யார்டை விட்டும் வெளியேற வேண்டும் என்றால், டிரைவர் முந்தைய வண்டியின் படத்தையே இன்னொரு கோணத்தில் எடுத்துப் போட்டுவிட்டுப் போவார். அதற்கு அவரைக் குறை சொல்ல என்னால் முடியாது.

சிக்னல் இல்லாத இடங்கள் நம் தொழிலில் நிறைய. பல அடுக்கு வாகன நிறுத்தங்களின் கீழ்த்தளம், இரும்புக் கூரை போட்ட கிடங்கு, துறைமுகத்தின் கடைசி மூலை. அங்கே சுற்றிக்கொண்டே இருக்கும் சக்கரத்தைக் காட்டும் செயலியோடு நின்றால் யார்டு ஆள் பொறுமை இழந்து, "போட்டுட்டுப் போங்கண்ணே, அப்புறம் பாத்துக்கலாம்" என்பார். சிக்னல் இல்லாமலே எழுதவும் படமெடுக்கவும் கையெழுத்து வாங்கவும் முடிய வேண்டும். எப்போது எழுதினார், எப்போது சர்வருக்குப் போனது என்று இரண்டு நேரமும் தனித்தனியே பதிவாக வேண்டும். ஒன்றை மட்டும் வைத்தால், இரவு பத்து மணிக்கு எடுத்த படம் மறுநாள் காலை ஏழு மணிக்கு எடுத்ததாகக் காட்டும். அந்த ஒன்பது மணி நேரத்துக்கும் டிரைவர் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். வழியில் நிறுத்திச் சோதிக்கும் அதிகாரியிடமும் சிக்னல் இல்லாமல் காட்ட முடிய வேண்டும்.

கேபினில் ஒரு காகிதச் சீட்டுப் புத்தகம் எப்போதும் இருக்கட்டும். போன் செத்துப்போகலாம், கீழே விழுந்து உடையலாம். அன்றைக்குக் காகிதத்தில் எழுதி, பிறகு படமெடுத்து ஏற்றி, காகிதத்திலிருந்து ஏற்றியது என்று குறித்துவிட்டால் போயிற்று. ஆனால் எல்லா லோடுக்கும் காகிதமும் எழுது, போனிலும் ஏற்று என்று மாதக்கணக்கில் இரட்டை வேலை வாங்காதீர்கள். இரண்டிலும் எழுதுகிறவர் கடைசியில் இரண்டையும் அரைகுறையாக எழுதுவார். இரண்டும் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தால் எதை நம்புவது என்று அதற்கொரு தனித் தகராறு வரும். அனுப்புபவர், பெறுபவர் இருவரும் ஒப்புக்கொண்ட ஒரு தடத்தில் தொடங்குங்கள். தேதி குறித்து, அன்றோடு அந்தத் தடத்தில் காகிதத்தை நிறுத்துங்கள். பிறகு அடுத்த தடம்.

கையெழுத்துச் சீட்டு உடனே ஆபீஸ் வந்து சேர்வதால் பில் அன்றே போகும், பணம் சீக்கிரம் வரும். இதை உங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. நீங்கள் மாறுவதே பெரும்பாலும் அதற்காகத்தான். தவறில்லை.

யார்டு பொறுப்பாளர்களே, உங்களிடம் ஒரு கேள்வி. டிரைவரின் போனை நீட்டினால், வண்டியை ஏறிட்டும் பார்க்காமல் விரலால் ஒரு கிறுக்கல் கிறுக்கிவிட்டு அனுப்புகிறீர்கள். அந்தக் கிறுக்கலுக்கு என்ன மதிப்பு? அதை நீங்கள்தான் போட்டீர்கள் என்று நாளைக்கு எப்படி நிரூபிப்பது? அது உங்களுடையதில்லை என்றால் நீங்களும் எப்படி மறுப்பது? முடிந்த இடத்தில் உங்கள் போனுக்கே இணைப்பு வரட்டும். சேதக் குறிப்பும் படமும் உங்கள் திரையில் தெரிந்தபிறகு உங்கள் பெயரில், உங்கள் போனிலிருந்தே ஒப்புதல் போகட்டும். அது எங்களுக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் காப்பு. கண்ணுக்குத் தெரியும் சேதத்தை, வண்டியைப் பெற்றுக்கொள்ளும்போதே சொல்ல வேண்டும் என்பது சி.எம்.ஆர். விதி, கண்ணுக்குத் தெரியாததற்கு ஞாயிறும் பொது விடுமுறையும் நீங்கலாக 7 நாள். பார்க்காமல் பெற்றுக்கொண்டால், சீட்டில் சொன்ன நிலையில்தான் வந்து சேர்ந்தது என்பதற்கு அதுவே முதல்கட்டச் சாட்சியாகிவிடும்.

இரவில் ஆளில்லாத யார்டில் இறக்கிவிட்டுச் சாவியைப் பெட்டியில் போடும் வழக்கம் இருக்கிறது. நாள் முழுக்க ஓட்டிவிட்டு வருபவருக்கு அது பெரிய உதவி. நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஆனால் சாவி பெட்டியில் விழுந்ததிலிருந்து காலையில் யார்டு திறக்கும்வரை அந்த வண்டி யார் பொறுப்பு? காகிதத்தில் இதற்கு விடையே இல்லை. "பிறகு பார்த்து ஒப்புக்கொள்ளப்படும்" என்று ஒரு முத்திரை குத்தியிருக்கும், எந்தப் பிறகு என்று இருக்காது. மின்சீட்டில் இதை எழுதிவிடலாம். இறக்கியதும் டிரைவர் எடுக்கும் படங்கள் அந்த நிமிடமே யார்டுக்குப் போகும். யார்டு திறந்து இத்தனை மணி நேரத்துக்குள் மாற்றுக் கருத்து வராவிட்டால் அந்தப் படங்களின்படியே பெற்றுக்கொண்டதாக இரு நிறுவனமும் முன்கூட்டியே ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளட்டும். இந்த ஒரு ஏற்பாட்டுக்காகவே நான் மின்சீட்டை வரவேற்பேன்.

செயலி எழுதுபவர்களே, ஒரு டிரைவரின் போனில் இப்போது எத்தனை செயலி இருக்கிறது தெரியுமா? ஓர் அனுப்புநர் ஒன்றைக் கேட்கிறார், அடுத்தவர் இன்னொன்றை. ஒவ்வொன்றிலும் சேதத்துக்கு ஒவ்வொரு பெயர், ஒவ்வொரு வரிசை. ஐ.நா.வின் கீழுள்ள யுஎன்-செஃபாக்ட் அமைப்பு சாலை மின்சீட்டுக்கான பொதுத் தரவு வடிவத்தை வகுத்து வைத்திருக்கிறது. அதைப் பேசக் கற்றுக்கொள்ளுங்கள். எந்தச் செயலியில் எழுதினாலும் இன்னொன்று படிக்க முடிய வேண்டும். உங்கள் நிறுவனம் நாளை மூடிவிட்டாலும் பழைய சீட்டு திறக்க வேண்டும். கிளெய்ம் வருவதற்கு மாதங்கள் ஆகும், வழக்கு என்றால் வருடங்கள்.

கடைசியாக, மறுபடியும் அந்த மூன்றாம் நகல். ஒரு டிரைவரின் கிளெய்ம் பைலை ஒரே மாலையில் மூடியிருக்கிறேன். ஏற்றும்போதே கீறல் இருந்ததற்குப் படம், அதில் நேரம், ஏற்றிய யார்டு பொறுப்பாளரின் ஒப்புதல், எல்லாம் ஒரே சீட்டில் இருந்தன. டிரைவரைக் கூப்பிட்டு விசாரிக்கவே வேண்டியிருக்கவில்லை. அவருக்கு அப்படி ஒரு கிளெய்ம் வந்ததே தெரியாது. என் மழை இரவுக்கு இப்படி ஒரு சீட்டு இருந்திருந்தால் என்று அன்று நினைத்துக்கொண்டேன். மின்சீட்டால் இவ்வளவு முடியும். அதனால்தான் அது டிரைவரின் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தால் மனம் ஆறமாட்டேன் என்கிறது.

அடுத்த முறை செயலிக்கான ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போதும், டிரைவருக்கு வேலைக் கடிதம் கொடுக்கும்போதும் இந்த வாசகத்தைச் சேர்த்துவிடுங்கள். நானே எழுதித் தருகிறேன், சொல்லை வேண்டுமானால் மாற்றிக்கொள்ளுங்கள்:

"ஏற்றும்போதும் இறக்கும்போதும் கையெழுத்தான சரக்குச் சீட்டின் முழு நகல், படங்களும் நேரக் குறிப்புகளும் சரிபார்ப்பு முத்திரையும் சேர்த்து, கையெழுத்தானவுடன் டிரைவர் கொடுக்கும் அவருடைய சொந்த எண்ணுக்கோ மின்னஞ்சலுக்கோ அனுப்பப்படும். வேலையை விட்டுப் போனபிறகும் அந்த நகல் அவருடையதே. பின்னால் சீட்டில் எந்தத் திருத்தம் செய்தாலும் அந்தத் திருத்தமும் அவருக்கு அனுப்பப்படும். இந்த நகலை அவருக்குக் கொடுக்காத ஒரு லோடில், சேதத்துக்காக அவர் சம்பளத்தில் பிடித்தம் செய்யப்பட மாட்டாது."

வாடிக்கையாளரின் தகவல் வெளியே போய்விடுமே என்று உங்கள் வக்கீல் கேட்பார். வண்டி உரிமையாளரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் அந்த நகலில் மறைத்துவிடுங்கள். டிரைவருக்கு அவை தேவையில்லை. வண்டியின் எண், அதன் நிலை, இடம், நேரம், யார் ஒப்புக்கொண்டார் என்பது மட்டும் போதும்.

அன்புடன்,
14 வருடம் கேரியர் ஓட்டியவன்